எருமைப் பால் பவுடராகாது என்றார்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல சின்ன கிராமம். மாட்டுப் பொங்கலன்னைக்கு மாடுகளைக் கழுவி, கொம்புக்கு வர்ணம் அடிச்சுட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா பையன் வந்து பக்கத்துல உட்கார்ந்தான். அக்ரி படிச்சிட்டு ரெண்டு வருஷமா ஊரிலேயே விவசாயம் பாக்கறான்.

"அண்ணா, பால்ல ஏதாவது புதுசா பண்ணலாம்னு இருக்கேன். கவர்மெண்ட்ல இதுக்கெல்லாம் மானியம் தர்றாங்களாமே. எவ்வளவு கிடைக்கும்னு நெட்ல பார்த்துச் சொல்லுண்ணா."

"என்ன பண்ணப் போறே?"

"பன்னீர், நெய், தயிர்... மானியம் எதுக்குக் கிடைக்குதோ அதைப் பண்ணிக்கலாம்."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "சொசைட்டியில ஒரு மெஷினு நிக்குது பாரு, அதைப் போய்ப் பார்த்துட்டு வந்து அப்புறம் பேசு கண்ணு. மெஷினு சும்மா வந்துரும். கரண்டு பில்லு யாரு கட்டறது?"

அம்மா சொன்ன மெஷினை எனக்கும் தெரியும். பல்க் கூலர். கறந்த பாலை ஊத்தினா 4 டிகிரிக்குக் குளிர வைக்கற எவர்சில்வர் தொட்டி. மானியத்துல வந்தது. வந்த அன்னைக்கு மாலை போட்டு, தேங்காய் உடைச்சு, போட்டோ எல்லாம் எடுத்தாங்க. கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் கம்ப்ரஸர் ரிப்பேர். பார்க்க ஆள் வரலை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தினா கட்டுப்படியாகலை. இப்ப அது மேல காலி சாக்குகளை அடுக்கி வச்சிருக்காங்க.

இதை கிண்டலுக்காக எழுதலை. அந்த சொசைட்டியில அம்மா பால் ஊத்தின காசுலதான் நான் இன்ஜினியரிங் முடிச்சேன். ஒரு எருமை, ரெண்டு மாடு. செமஸ்டர் ஃபீஸ் கட்டற மாசம் மட்டும் வீட்டுல காபி கொஞ்சம் தண்ணியா இருக்கும். இன்னைக்கு பெங்களூர்ல ஏசியில உட்கார்ந்து கோட் அடிக்கறேன்னா அதுக்கு அடியில ஒரு எருமை நின்னுக்கிட்டிருக்கு. அதனால தம்பி கேட்ட கேள்வியை சும்மா விட முடியலை.

மானியத்துக்கான வலைப்பக்கத்தைத் தேடப் போனவன், பழைய வரலாற்றுக்குள்ள போய் விழுந்துட்டேன். பால் தொழிலில் புதுமைக்காகக் கொடுக்கப்பட்ட உதவிப்பணம் நம்ம நாட்டில் ஒரு இடத்தில் அசாத்தியமாக வேலை செய்திருக்கிறது. இடம், குஜராத்தில் ஆனந்த். எல்லாருக்கும் 'அமுல்' கதை கொஞ்சம் தெரியும். அந்தக் கதையில் 'சும்மா வந்த காசு' எங்கெல்லாம் வருகிறது, அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

*

முதல் மானியம் மெஷினாக வரவில்லை. ஒரு ஸ்காலர்ஷிப்பாக வந்தது.

வர்கீஸ் குரியன் 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். அப்பா அரசாங்க டாக்டர். பையன் பள்ளிக்கூடம் படித்தது எங்க கோபி வைரவிழா பள்ளியில்! (ஊர்ப்பாசம், கண்டுக்காதீங்க.) அப்புறம் சென்னை லயோலாவில் இயற்பியல், கிண்டியில் மெக்கானிக்கல். எனக்குக் கட்-ஆஃப் பத்தாமல் கிடைக்காமல் போன அதே கிண்டி. பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல். அங்கிருந்து கிளம்ப வழி தேடியபோது, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு அரசாங்கம் ஸ்காலர்ஷிப் தருவதாக அறிவிப்பு வந்தது. மனுஷருக்கு ஆசை உலோகவியல் மேல். கிடைத்ததோ டெய்ரி இன்ஜினியரிங். நேர்முகத்தில் பாஸ்டுரைசேஷன் என்றால் என்ன என்று கேட்டார்களாம். பாலோடு சம்பந்தப்பட்ட ஏதோ சமாச்சாரம் என்று சமாளித்தவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம்ம கேம்பஸ் இன்டர்வியூவெல்லாம் இதுக்கு முன்னாடி தேவலை.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1948-ல் திரும்பினார். ஸ்காலர்ஷிப்பில் ஒரு கொக்கி இருந்தது. படிக்க வைத்த அரசாங்கம் சொல்லும் இடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்கணும். அரசாங்கம் கையைக் காட்டிய இடம் ஆனந்த். 1949 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார். அரசாங்க ஆராய்ச்சி க்ரீமரியில் உருப்படியாக வேலை எதுவும் இல்லை. தங்க ஒழுங்கான வீடுகூட இல்லாமல் ஒரு கராஜில் படுத்திருக்கிறார். எப்படா விடுதலை என்று மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

நம்மில் எத்தனை பேர் கம்பெனி பாண்டில் இப்படி மாட்டியிருக்கோம்? 'பெஞ்ச்'ல உட்கார வச்ச பழைய ஆனந்த் கிளைன்னு வச்சுக்குங்க.

அதே வளாகத்தில் ஒரு ஓரமாக, ஓட்டை மெஷின்களை வாடகைக்கு வைத்துக்கொண்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. கெய்ரா மாவட்ட பால் உற்பத்தியாளர் சங்கம். அடிக்கடி மெஷின் படுத்துவிடும். அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் இந்த இளம் இன்ஜினியரைக் கூப்பிடுவார். இவரும் பொழுது போகாமல் போய் ஸ்பேனர் பிடிப்பார். ஒருநாள், இந்தக் குப்பையை ஒட்டுப்போடுவது வீண், புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். கடன் வாங்கி பாஸ்டுரைசர் வாங்கினார்கள். அதற்குள் அரசாங்கம் இவரை விடுவித்துவிட்டது. மூட்டை கட்டியவரை, மெஷின் ஓடும் வரை மட்டும் இருங்கள் என்று திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். 1950-ல் மேனேஜராகச் சேர்ந்தவர், 2012-ல் இறக்கும் வரை ஆனந்தை விட்டு நகரவே இல்லை.

*

சங்கத்தின் கதை அதற்கும் முன்னால் ஆரம்பிக்கிறது.

கெய்ரா மாவட்டத்துப் பால் அப்போது பால்சன் என்ற தனியார் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. வெண்ணெய்க்குப் பேர்போன கம்பெனி. 1945-ல் பம்பாய் அரசாங்கம், நகரத்துக்கு நல்ல பால் வேண்டும் என்று பம்பாய் பால் திட்டத்தைத் தொடங்கியது. ஆனந்திலிருந்து பால் கொண்டுவரும் வேலை பால்சனுக்குக் கிடைத்தது. நகரத்துக்காரனுக்குப் பால் கிடைத்தது, கம்பெனிக்கு லாபம் கிடைத்தது, விவசாயிக்கு மட்டும் பழைய விலை.

விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். நீங்களே சங்கம் வைத்து விற்றுக்கொள்ளுங்கள், அரசாங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பால் தராதீர்கள் என்றார் அவர். 1946 ஜனவரி 4-ஆம் தேதி, மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம். அதன்பின் 15 நாள் ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. பால் தரையில் போனாலும் போகட்டும் என்று இருந்தார்கள். பம்பாய் திட்டம் ஆட்டம் கண்டது, அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த வருஷமே டிசம்பர் 14-ல் சங்கம் பதிவானது. 1948 ஜூனில் பால் அனுப்ப ஆரம்பித்தபோது ரெண்டே ரெண்டு கிராமச் சங்கம், ஒரு நாளைக்கு சுமார் 250 லிட்டர். எங்க ஊர் டீக்கடைகளுக்கே பத்துமா என்பது சந்தேகம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உதவிப்பணம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு ஆள்கூட்டம் இருந்தது. தங்கள் பிரச்சினை என்ன என்று தெரிந்த, அதற்காக 15 நாள் வருமானத்தை இழந்த கூட்டம். இதை மனசுல வச்சுக்குங்க.

*

1950-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு வந்த பிரச்சினை மாடு வைத்திருக்கும் யாருக்கும் உடனே புரியும்.

எருமை வருஷம் பூரா ஒரே மாதிரி கறக்காது. மழைக்காலம் முடிந்து கன்று ஈன்று, குளிர்காலத்தில் பால் பொங்கும். கோடையில் பாதிக்கும் கீழே போய்விடும். பம்பாய் திட்டமோ எல்லா நாளும் ஒரே அளவு பால் வேண்டும் என்றது. குளிர்காலத்தில் கூடுதல் பாலை என்ன செய்வது? சங்கம் வாங்கவில்லை என்றால் விவசாயி மறுபடி வியாபாரியிடம்தான் போகணும், அவன் சொல்ற விலைக்குத்தான் கொடுக்கணும். சங்கம் வைத்ததன் அர்த்தமே போய்விடும்.

ஒரே வழி, கூடுதல் பாலைப் பவுடராக்கி வைப்பது. ஆனால் உலகத்தில் அதுவரை பால் பவுடர் என்றால் பசும்பால் பவுடர்தான். எருமைப் பாலைத் தெளித்துக் காயவைக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் சொச்சம். எருமைப் பாலில் 7-க்கு மேலே போகும். புரதமும் கால்சியமும்கூட அதிகம். இன்னொரு விஷயமும் உண்டு, இது என் ஊகம். மாட்டுப் பால் மட்டுமே தெரிந்த நாடுகளுக்கு எருமைப் பாலைப் பற்றிக் கவலைப்பட என்ன தேவை? அது அவர்கள் கேள்வியே இல்லை.

கேள்வி இவர்களுடையது. அதனால் பதிலும் இவர்களிடமிருந்து வந்தது. பதில் கண்டுபிடித்தவர் பெயர் ஹரிசந்த் மேகா தலாயா. குரியனுடன் மிச்சிகனில் படித்தவர், பால் தொழில்நுட்பம் தெரிந்தவர். பிரிவினையில் கராச்சியில் இருந்த குடும்பத்துப் பால் பண்ணையை இழந்தவர். ஆனந்தைப் பார்க்க வந்தவரை குரியன் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பால் பவுடர் செய்யும் முறை அடிப்படையில் எளிது. பாலிலிருந்து பெரும்பகுதி தண்ணீரை வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் இறக்கிக் கெட்டியாக்கணும். பிறகு அதைப் புகை மாதிரி நுண்துளிகளாக சூடான காற்றுக்குள் பீய்ச்சணும். துளி கீழே விழுவதற்குள் காய்ந்து பவுடராகிவிடும். எருமைப் பாலை இப்படிச் செய்ய முடியும் என்று நிரூபிக்க தலாயா பயன்படுத்தியது, பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னும் ஒரு ஏர் ஹீட்டரும் என்று சொல்வார்கள்.

சாஃப்ட்வேர் மக்களே, இதுக்குப் பேர்தான் ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட். நாம பண்றதெல்லாம் பவர்பாயிண்ட்.

*

இப்போதுதான் பணம் வருகிறது. இந்த வரிசை முக்கியம்.

யுனிசெஃப் அந்தக் காலத்தில் பல நாடுகளில் பால் பதப்படுத்தும் நிலையங்களுக்கு மெஷின் கொடுத்துக்கொண்டிருந்தது. கெய்ரா சங்கத்துக்கு 8 லட்ச ரூபாய் மதிப்புள்ள பவுடர் மெஷின்களைத் தர ஒப்புக்கொண்டது. சும்மா இல்லை. அதற்கு ஈடாக 12 லட்ச ரூபாய் மதிப்புள்ள பாலை, அதாவது ஒன்றரை மடங்கு, மாவட்டத்து ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கணும். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசாங்கமும் உதவியது.

நிபந்தனையை நல்லா கவனிங்க. ஆடிட் சர்டிஃபிகேட் கொடு, போட்டோ அனுப்பு, போர்டு வை என்றெல்லாம் கேட்கவில்லை. மெஷினை வாங்கிக்கோ, பாலாகத் திருப்பிக் கொடு என்றார்கள். 12 லட்சத்துக்குப் பால் கொடுக்கணும்னா மெஷின் ஓடியே ஆகணும். ஓடாமல் சாக்கு அடுக்கி வச்சா நிபந்தனையை நிறைவேற்றவே முடியாது. ஒரே நிபந்தனையில் மெஷினும் ஓடுது, குழந்தைக்கும் பால் கிடைக்குது. இவ்வளவு அழகான டிசைனை நான் எந்த ரெக்வயர்மென்ட் டாக்குமெண்ட்லயும் பார்த்ததில்லை.

1954 நவம்பரில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். ஒரு வருஷத்துக்குள், 1955 அக்டோபர் 31, சர்தார் படேலின் பிறந்தநாளன்று நேரு திறந்துவைத்தார். எருமைப் பாலைப் பவுடராக்கிய உலகின் முதல் ஆலை. மெஷின் இறக்குமதிதான், ஆனால் அதற்குள் ஓடிய பாலும் அதை ஓட்டும் சூத்திரமும் இங்கே உருவானவை. பிறகு கன்டென்ஸ்டு மில்க், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில் எருமைப் பாலில் குழந்தைகள் உணவு, சீஸ் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் முடியாது என்று யாரோ சொன்ன சமாச்சாரம்தான்.

மெஷினைவிட நான் பெரிதாக நினைக்கும் புதுமை வேறொன்று. காலையும் மாலையும் கிராமத்திலேயே பாலை அளந்து, கண்ணெதிரே கொழுப்பு சோதித்து, அதற்கேற்ற காசை உறுப்பினருக்குக் கொடுப்பது. கண்ணாடிக் குழாயில் அமிலம் விட்டுச் சுற்றிப் பார்க்கும் கெர்பர் சோதனை ஐரோப்பாவில் பழசு. அதை, சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே வரிசையில் பாத்திரத்தோடு நிற்கும் கிராமத்து வாசலுக்குக் கொண்டுவந்ததுதான் புதுசு. எங்க அம்மா பாஸ்புக்கில் 'கொழுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது அங்கிருந்து நடந்து வந்ததுதான்.

*

அடுத்தது பெரிய மானியம்.

1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, கஞ்சரியில் மாட்டுத் தீவன ஆலையைத் திறக்க ஆனந்த் வந்தார். முதல்நாளே வந்து, அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டிய பால் திட்டங்கள் எல்லாம் படுத்துக் கிடக்க, இது மட்டும் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவர் கேள்வி. மண்ணும் மழையும் மற்ற இடங்களைவிட ஒன்றும் ஒசத்தியில்லை. ஆனால் முதலாளி விவசாயி. இதை நாடு முழுக்கச் செய்ய 1965-ல் ஆனந்திலேயே தேசிய பால்வள வாரியம் அமைந்தது. ஆபீஸ் வந்தது, பணம்தான் வரவில்லை.

அதே சமயம் ஐரோப்பாவில் வேறு கதை. அங்கே விவசாயிகளுக்கு அரசாங்கம் விலை உத்தரவாதம் கொடுத்ததில் பால் உற்பத்தி எக்கச்சக்கமாகி, பவுடரும் வெண்ணெயும் மலையாகக் குவிந்து கிடந்தன. இலவசமாகக் கொடுத்தாவது காலி செய்யணும் என்ற நிலை.

இலவசப் பால் பவுடர் ஏழை நாட்டுக்கு நல்லதுதானே என்று தோணும். நமக்கு அதன் மறுபக்கம் தெரியணும். பம்பாய், சென்னை போன்ற நகரங்களின் பால் பண்ணைகள், வெளிநாட்டுப் பவுடர் மலிவாகக் கிடைத்தால் தண்ணீரில் கரைத்துப் பாக்கெட் போட்டுவிடும். கிராமத்துப் பாலை எதற்கு வாங்கணும்? விலை விழும். விலை விழுந்தால் எங்க அம்மா மாதிரி ஆட்கள் எருமையை விற்றுவிடுவார்கள். ஒருநாள் இலவசப் பவுடர் நின்றுபோனால், இங்கே பாலும் இருக்காது, எருமையும் இருக்காது. தானம் வந்து தொழிலை அழிப்பது இப்படித்தான்.

குரியன் அந்த மலையைப் பார்த்து வேறு கணக்குப் போட்டார். வேண்டாம் என்றாலும் அது நம் சந்தைக்குள் ஏதாவது வழியில் வரும். அதற்கு முன், நம் நிபந்தனையில் நாமே கேட்டு வாங்கிவிடுவோம். உலக உணவுத் திட்டம் வழியாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும், 42,000 டன் பட்டர் ஆயிலும் கேட்கப்பட்டது. இதைப் பெற்று விற்பதற்காக 1970-ல் இந்தியன் டெய்ரி கார்ப்பரேஷன் உருவானது. அந்த வருஷம் ஜூலையில் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'ஆபரேஷன் ஃப்ளட்'. நாம் வெண்மைப் புரட்சி என்று பரீட்சையில் எழுதியது.

கார்ப்பரேஷனுக்குப் பவுடர் இலவசம். ஆனால் அதை வாங்கும் நகரத்துப் பண்ணைக்கு இலவசம் இல்லை. உள்நாட்டுப் பாலோடு போட்டி போடாத விலைக்குத்தான் விற்கணும். பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களின் பண்ணைகள் அந்த விலைக்கு வாங்கிக் கரைத்து விற்றன. முதல் கட்டத்தில் இப்படித் திரண்ட பணம் சுமார் 116 கோடி ரூபாய். அந்தப் பணம் கிராமச் சங்கங்கள், குளிரூட்டும் நிலையங்கள், தீவன ஆலைகள், ரயில் டேங்கர்கள், டெல்லியில் காசு போட்டால் பால் கொட்டும் மதர் டெய்ரி பூத்துகள் என்று போனது.

சங்கங்களுக்கும் அதை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை. 30 சதவீதம் மானியம், 70 சதவீதம் கடன். கடனைக் கட்டணும்னா ஆலை ஓடணும், ஆலை ஓடணும்னா விவசாயி பால் ஊத்தணும், அவன் ஊத்தணும்னா ஒழுங்கான விலை கொடுக்கணும். யுனிசெஃப் நிபந்தனையில் பார்த்த அதே சங்கிலி, பெரிய அளவில்.

*

எல்லாம் வெள்ளையாகவே ஓடியது என்று சொன்னால் நான் அமுல் விளம்பரம் எழுதினவன் ஆகிவிடுவேன். அஞ்சு வருஷத்தில் முடியவேண்டிய முதல் கட்டம், 1981 வரை இழுத்தது. நகரத்துப் பண்ணைகள் நன்கொடைப் பவுடருக்குப் பழகிவிட்டன, கிராமத்தில் குழந்தை குடிக்கவேண்டிய பால் காசுக்காக நகரத்துக்குப் போகிறது, கலப்பினம் என்று நாட்டு மாடுகளை ஒதுக்குகிறார்கள் என்றெல்லாம் 80-களின் தொடக்கத்தில் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. அரசாங்கம் எல்.கே.ஜா தலைமையில் ஒரு குழுவைப் போட்டது, 1984-ல் அறிக்கை வந்தது. கடைசி விமர்சனத்துக்கு எங்க வீட்டுத் தொழுவமே சாட்சி. இருப்பது ஜெர்ஸி கலப்பு. தாத்தா காலத்து மாடு போட்டோவில்தான் இருக்கிறது.

எல்லா மாநிலத்திலும் ஆனந்த் முளைக்கவும் இல்லை. கட்டடமும் மெஷினும் எளிதாகப் போய்ச் சேர்ந்தன. 15 நாள் பாலைக் கொடுக்காமல் உட்கார்ந்த அந்தக் கூட்டத்தை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாதே. பல இடங்களில் சங்கத்துக்குத் தேர்தல் நடக்காது, அதிகாரிதான் தலைவர். தமிழ்நாட்டில் 1981-ல் பால் உற்பத்தியாளர் இணையம் உருவாகி, ஆவின் பெயரில் இன்னமும் ஓடுகிறது. தினமும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பால் வருகிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் எங்க சொசைட்டியை 'எங்களுது' என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. 'சொசைட்டிக்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அம்மா உட்பட.

கணக்கு என்னவோ பெரிதுதான். 1970-71-ல் நாட்டின் பால் உற்பத்தி சுமார் 2 கோடியே 20 லட்சம் டன். 1996-ல் மூன்றாம் கட்டம் முடிந்தபோது சுமார் 73,000 கிராமச் சங்கங்கள். 1998-ல் அமெரிக்காவைத் தாண்டி முதலிடம். 2023-24-ல் கிட்டத்தட்ட 24 கோடி டன். எல்லாம் கூட்டுறவால் மட்டும் வந்ததில்லை. 1991-க்குப் பிறகு தனியார் பண்ணைகளும் நிறைய வந்தன. ஆனாலும் பாலுக்கு ஊர் ஊராக ஒரு நிச்சய சந்தையும், கண்ணெதிரே சோதனையும் இருக்கணும் என்ற பழக்கத்தைப் போட்டது யார் என்பதில் சந்தேகமில்லை.

*

சரி, தம்பிக்கு என்ன பதில் சொன்னேன்?

தேடிக் கிடைத்ததை முதலில் சொன்னேன். 2019-ல் கால்நடைத் துறை ஸ்டார்ட்-அப்களுக்குப் பரிசுப்பணத்தோடு போட்டி அறிவித்தார்கள். 2020-ல் 15,000 கோடி ரூபாயில் ஒரு கால்நடை உள்கட்டமைப்பு நிதி அறிவித்தார்கள். ஆனால் அது மானியம் இல்லைடா, கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. அசல் உன் தலையில்தான்.

முகம் தொங்கிப்போச்சு. அப்புறம்தான் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "தலாயாகிட்ட ஸ்ப்ரே கன் இருந்துச்சு. ஆனா அதுக்கும் முன்னாடி குளிர்காலத்துல மிஞ்சுற பால் இருந்துச்சு. நம்ம ஊர்ல மிஞ்சுறது எது?"

யோசிச்சான். "மிஞ்சுறது ஒண்ணும் இல்லண்ணா. கெடுறதுதான் இருக்கு. சித்திரை வைகாசியில சாயங்காலப் பால் வண்டி வர்றதுக்குள்ள புளிச்சுரும். திருப்பி அனுப்பிருவாங்க."

"எத்தனை லிட்டர்?"

தெரியலை. சொசைட்டியிலும் அதுக்குக் கணக்கு இல்லை. திருப்பி அனுப்பின பாலை யாரு எழுதுவாங்க? அம்மா மட்டும் சொன்னாங்க, "போன கோடையில எனக்கே ஏழெட்டு நாள் திரும்புச்சு. ஆடுகளுக்கு ஊத்துனேன்."

அந்த பல்க் கூலர் இதுக்காகத்தானே வந்திருக்கணும்? ஆனா வரும்போது யாரும் எங்ககிட்ட எத்தனை லிட்டர் திரும்புதுன்னு கேட்கலை, நாங்களும் சொல்லலை. பெரிய கம்ப்ரஸர், பெரிய தொட்டி, பெரிய கரண்டு பில். கொடுத்தவங்களைத் திட்டறது சுலபம். பதினஞ்சு நாள் வேண்டாம், ஒரு நாள் போய் அதை ஓட்டுங்கன்னு நாங்க உட்கார்ந்திருக்கோமா? நானும்தான் வருஷா வருஷம் பொங்கலுக்குப் போய் அந்த சாக்கு மூட்டையைப் பார்த்துட்டு, சிரிச்சுட்டு பஸ் ஏறியிருக்கேன்.

தம்பி ஒரு நோட்டு வாங்கியிருக்கான். இந்தக் கோடையில் எந்த வீட்டுப் பால், எந்தத் தேதி, எத்தனை லிட்டர் திரும்புச்சுன்னு எழுதப்போறானாம். கம்ப்ரஸரைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தா எவ்வளவு ஆகும்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். அந்தச் செலவு என்னுது. மானியம்னே வச்சுக்கட்டும். நிபந்தனை உண்டு, ஒன்றரை மடங்கு மோராகத் திருப்பித் தரணும் :-)

பி.கு: உங்க ஊர்ப் பால் சொசைட்டியில மானியத்துல வந்த மெஷின் ஏதாவது நல்லா ஓடிக்கிட்டிருந்தா, யாரு பராமரிக்கறாங்க, கரண்டு பில்லை எப்படிச் சமாளிக்கறாங்கன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. ஓடாத மெஷின் கதை எங்ககிட்டயே ஸ்டாக் இருக்கு. ஓடற ஒண்ணைப் போய்ப் பார்க்கணும்னு தம்பி ஆசைப்படறான்.